கள்ளக் காற்று

பழைய மகாபலிபுரம் சாலை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. நாவலூர் சிக்னலில் ஒரு தடவை, சிறுசேரி திருப்பத்தில் இரண்டு தடவை. படூருக்குள் நுழைவதற்குள் அந்தக் கார் மூன்று முறை நின்றுவிட்டது. நான்காவது முறை, நின்றதோடு சரி. கிளம்பவில்லை.

கார் என் நண்பருடையது. அவருடைய அப்பா ஆசையாக வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1967 மாடல். மாமல்லபுரத்துக்கு ஒரு நடை போய் வரலாம் என்று என்னையும் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சிங்கம் மாதிரி ஓடுகிறது. காலை எடுத்தால் நாலு இருமல், ஒரு விக்கல், அவ்வளவுதான். உயிர் போய்விடுகிறது.

சாலையோரத்தில் தகரக் கொட்டகை போட்ட ஒரு மெக்கானிக் ஷெட். உள்ளேயிருந்து ஓர் இளைஞர் வந்தார். பானெட்டைத் தூக்கச் சொன்னார். பார்த்தார். இரண்டு திருகாணிகளை முன்னும் பின்னும் திருகினார். உதட்டைப் பிதுக்கினார்.

"கார்புரேட்டர் அவுட்டு சார். மாத்தணும். ஆனா இதுக்கெல்லாம் இப்ப எங்க சார் கிடைக்கும்?"

நண்பரின் முகம் செத்துவிட்டது. அப்போதுதான் ஷெட்டின் பின்பக்கத்திலிருந்து கைலியை மடித்துக் கட்டியபடி ஒரு பெரியவர் வந்தார். எழுபது வயதிருக்கும். எதையும் திருகவில்லை. தரையில் கிடந்த ஒரு முழ நீள ரப்பர் டியூபை எடுத்தார். ஒரு முனையைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்க சார். காலை எடுக்காம லேசா ரேஸ்ல வெச்சிக்குங்க" என்றார்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பது போல டியூபின் மறுமுனையை இன்ஜின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். ஓரிடத்தில் கை நின்றது. சிரித்தார்.

"டேய், கார்ப்ரேட்டர ஏன்டா திட்டுற? அது மேல ஒரு தப்பும் இல்ல. கீழ ஏர் எடுக்குது, கேக்கல உனக்கு?"

இளைஞருக்குக் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. பெரியவருக்கு மட்டும் எப்படிக் கேட்டது? அவர் காதுக்குப் பின்னால் நூற்று முப்பது வருடக் கதை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் படூருக்கு வருவோம். கார் அங்கேயேதான் நிற்கும். எங்கே போய்விடப் போகிறது?

*

பெட்ரோல் எரியும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் திரவமாக இருக்கிற பெட்ரோல் எரிவதில்லை. அதிலிருந்து எழுகிற ஆவி, காற்றோடு கலந்தால்தான் எரியும். அதுவும் ஏனோதானோ என்று கலந்தால் போதாது. ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் பதினான்கே முக்கால் பங்கு காற்று. எடைக் கணக்கில். காற்று குறைந்தால் கறுப்புப் புகை. காற்று அதிகமானால் விக்கல். இந்தக் கணக்கைச் சமாளிக்கிற சமையல்காரர்தான் கார்புரேட்டர்.

முதல் சமையல்காரர் ரொம்ப சுமார். கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர மோட்டார் வண்டியில் இருந்தது வெறும் தொட்டி. பெட்ரோல் மாதிரியான ஓர் எரிபொருளின் மேல்பரப்பில் காற்றை ஓடவிட்டு, கிளம்பும் ஆவியை இன்ஜினுக்குள் இழுத்துக்கொள்வது. அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

அந்த வண்டியை யாரும் நம்பவில்லை. கார்ல் பென்ஸுக்கே சந்தேகம். நம்பியவர் ஒரே ஒருவர். அவருடைய மனைவி பெர்த்தா. 1888 ஆகஸ்டில் ஒரு நாள் விடியற்காலை, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து கிளம்பிவிட்டார். நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமில் இருக்கும் அம்மா வீட்டுக்கு!

வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் என்ற சமாசாரமே அப்போது உலகத்தில் கிடையாது. வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில் கறை நீக்குவதற்காக விற்கும் லிக்ராயினை வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. அம்மணி என்ன செய்தார் தெரியுமா? தலையிலிருந்து தொப்பி ஊசியை உருவினார். குழாய்க்குள் விட்டுக் குத்தினார். வண்டி கிளம்பிவிட்டது.

அடைப்பை ஊசியால் குத்திச் சரிசெய்த முதல் மெக்கானிக் என்று யாருக்காவது சிலை வைப்பதானால் பெர்த்தாவுக்குத்தான் வைக்கவேண்டும். பிற்பாடு ஜெட்டில் தூசி அடைத்தால் வாயால் ஊதிய, குதிரைவால் முடியை விட்டு எடுத்த அத்தனை பேரும் அவருடைய சிஷ்யர்களே.

அடுத்த ஐந்து வருடத்தில் சமையல்காரர் மாறினார். 1893-ல் ஹங்கேரியில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்ற இருவரும், ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஒரே விஷயத்தைப் பிடித்தார்கள். ஆவிக்காகக் காத்திருப்பானேன்? பெட்ரோலைப் பொடிப்பொடியாகத் தெளித்துவிட்டால்?

ஒரு காலத்தில் நம் வீடுகளில் கொசுவுக்கு ஃப்ளிட் பம்ப் இருந்தது ஞாபகமிருக்கிறதா? கைப்பிடியை அழுத்தினால் காற்று வேகமாக வெளியே பாயும். அந்த வேகத்தில் டப்பாவில் இருக்கும் மருந்து மேலே இழுபட்டுப் பனி மாதிரி தெறிக்கும். அதே கதைதான் இங்கேயும். குழாயின் இடுப்பை ஒடுக்கினால், அந்த இடத்தில் காற்றின் வேகம் கூடும். வேகம் கூடினால் அழுத்தம் குறையும். குறைந்த அழுத்தம் பக்கத்துத் துளையிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். இதன் அடிப்படையை பெர்னூலி 1738-லும் வென்ச்சூரி 1797-லும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். காருக்கு ஆகுமென்று அவர்களுக்கு எப்படித் தெரியும், பாவம்!

இங்கிலாந்தில் ஒரு செருப்புக்கடைக் குடும்பம். லில்லி அண்ட் ஸ்கின்னர். அந்த வீட்டுப் பிள்ளையான ஹெர்பர்ட் ஸ்கின்னருக்குச் செருப்பில் மனசு போகவில்லை, காரில் போயிற்று. இன்ஜின் கேட்கிற அளவுக்குத் தகுந்தாற்போல் தானாகவே வாயைத் திறந்து மூடுகிற ஒரு கார்புரேட்டரை உருவாக்கி, 1905 வாக்கில் காப்புரிமை வாங்கினார். அதற்குள் இருந்த துருத்தி எதனால் செய்தது? தோல்! குலத்தொழில் விடுமா? ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம்தான் எஸ்.யூ. நம்மூர் மெக்கானிக்குகள் பயபக்தியோடு உச்சரித்த பெயர். இன்னொரு பெயர், பிரான்சிலிருந்து வந்த சோலெக்ஸ். நம்ம ஆட்களுக்கு எஸ்.யூ. பெரியம்மா பிள்ளை என்றால் சோலெக்ஸ் சித்தி பிள்ளை.

*

சென்னைக்கு முதல் மோட்டார் வந்தது 1901-ல் என்பார்கள். பாரி கம்பெனியின் யார்க் துரை, அடையாறு பக்கமிருந்த தன் பங்களாவிலிருந்து பாரிமுனைக்கு அதில்தான் போய்வந்தாராம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு, கார் ஓடும் ஊர் கார் செய்யும் ஊராக மாறியது. 1948-ல் இரண்டு கம்பெனிகள் முளைத்தன. எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிய அசோக் மோட்டார்ஸ் ஒன்று. பின்னால் லேலண்டு சேர்ந்து லாரிக்குப் போய்விட்டது. மற்றது நம்ம கதாநாயகன். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா.

இவர்களுடைய தொழிற்சாலை, தாம்பரம் தாண்டி வண்டலூருக்கு முன்னால், பெருங்களத்தூரில். இன்றைய செங்கல்பட்டு மாவட்டம். படூரிலிருந்து காக்கா பறக்கிற தூரம்தான்.

வேன்கார்டு, எய்ட், டென் என்று வரிசையாக வந்து, 1961-ல் இறங்கியது ஹெரால்டு. அங்கே இங்கிலாந்தில் 1959-லேயே ட்ரையம்ப் ஹெரால்டு என்று வந்த கார். வரைந்தவர் இத்தாலியரான மிகெலோட்டி. அந்த அழகு எங்கேயிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? 948 சி.சி. இன்ஜின். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். இவற்றையெல்லாம் விட மெக்கானிக்குகள் கொண்டாடியது வேறொன்றை. பானெட் என்று தனியாக ஒரு மூடி கிடையாது. முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முதலை வாயைப் பிளந்த மாதிரி அப்படியே முன்னால் கவிழும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜின் வேலை பார்க்கலாம். அதாவது, காது கொடுத்துக் கேட்பதற்கென்றே பிறந்த கார்!

அந்தக் காதுகள் பட்டை தீட்டப்பட்ட இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வரும்வரை மெட்ராஸ்காரர்களின் வேகத்துக்கு அதுதான் கோயில். ஹெரால்டு, ஃபியட், அம்பாசடர் என்று வீட்டுக் கார்களே பந்தயக் கார்களாக வேஷம் கட்டும்.

வேஷம் கட்டுவதில் முதல் வேலை, ஒரு கார்புரேட்டர் இருக்கிற இடத்தில் இரண்டு வைப்பது. வைத்துவிடலாம். இரண்டும் ஒரே மாதிரி மூச்சுவிட வேண்டுமே! ஒன்று அதிகமாக இழுத்து மற்றது சோம்பியிருந்தால், இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்த கதைதான். இன்றைக்கு அதற்கு மீட்டர் இருக்கிறது. அன்றைக்கு என்ன இருந்தது? ரப்பர் டியூப். ஒரு முனை காதில், மறுமுனை முதல் கார்புரேட்டரின் வாயில். "ஸ்ஸ்ஸ்..." அப்புறம் இரண்டாவதன் வாயில். "ஸ்ஸ்ஸ்..." இரண்டு ஸ்ருதியும் ஒன்றாகச் சேரும்வரை திருகாணியைக் கால் கால் சுற்றாகத் திருப்பவேண்டும். தம்பூராவுக்கு ஸ்ருதி சேர்க்கிற அதே வேலை. கிரீஸ் படிந்த கையோடு.

*

இங்கே ஒரு வருஷத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். 1985.

அந்த வருஷம் இந்த வட்டாரத்தில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒன்று, கேளம்பாக்கம் பக்கத்தில் சவுக்கும் பனையுமாக இருந்த படூரில் ஓர் என்ஜினீயரிங் கல்லூரி திறந்தார்கள். இந்துஸ்தான் கல்லூரி. இன்று பல்கலைக்கழகம். இரண்டு, சென்னையின் கார்புரேட்டர்ஸ் லிமிடெட் ஜப்பானின் மிகுனியோடு கைகோத்து யூகால் என்ற கம்பெனியைத் தொடங்கியது. தொழிற்சாலை மறைமலை நகரில். மாருதியின் குட்டிக் காருக்குக் கார்புரேட்டர் போனது இங்கிருந்துதான். இந்தியா முழுக்க மாருதி ஓடியபோது, அதன் மூச்சுக்குழல் செங்கல்பட்டுச் சீமையில் செய்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

மூன்றாவது சோகக் கதை. பெருங்களத்தூரிலிருந்து ஸ்டாண்டர்டு 2000 என்றொரு சொகுசுக் கார் வெளியே வந்தது. உடம்பு, ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் பட்டம் வாங்கிய ரோவர் எஸ்.டி.1. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் இதயம்? அந்த ரோவருக்கு இங்கிலாந்தில் வைத்திருந்தது மூன்றரை லிட்டர், எட்டு சிலிண்டர். இங்கே வைத்தது நாற்பதுகளின் வேன்கார்டு பரம்பரையில் வந்த நாலு சிலிண்டர், இரண்டு லிட்டர் இன்ஜின். அதே பரம்பரை இன்ஜின் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதிருக்கிறது!

டிராக்டர் வம்சம் என்று இளக்காரம் வேண்டாம். அதே இன்ஜினுக்கு இரட்டை எஸ்.யூ. மாட்டி 1953-ல் ட்ரையம்ப் டி.ஆர்.2 என்ற பந்தயக் காரில் 90 குதிரைத்திறன் எடுத்தார்கள். ஆனால் அது எடை குறைந்த இரண்டு பேர் வண்டி. இது, குடும்பத்தையே சுமக்கிற கனத்த வண்டி. வேகமும் வரவில்லை, பெட்ரோலும் நிறையக் குடித்தது. வாங்கியவர்கள் மெக்கானிக்கிடம் ஓடினார்கள். எத்தனைதான் திருகினாலும் என்ன வரும்? திருப்புளியால் தீராத வியாதி அது. 1988-ல் கடை மூடியாகிவிட்டது. கார்கள் பிறந்த அந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்கள்.

யூகாலின் பொற்காலம்கூட ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. அதில் கார்புரேட்டரே கிடையாது! எம்.பி.எஃப்.ஐ. எவ்வளவு காற்று வருகிறது என்று சென்ஸார் பார்த்துச் சொல்ல, ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும். மறுவருஷம் உச்ச நீதிமன்றம் ஒரு போடு போட்டது. டெல்லி வட்டாரத்தில் 1999 ஜூனிலிருந்து யூரோ-1, 2000 ஏப்ரலிலிருந்து யூரோ-2 விதிக்கு உட்பட்ட கார்களைத்தான் பதிவு செய்யலாம். 2001-ல் சென்னைக்கும் யூரோ-2 வந்தது. கார்களில் கார்புரேட்டரின் கதை முடிந்தது. பைக்குகளில் ஒட்டிக்கொண்டிருந்த உயிரும் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது ஏறக்குறைய போய்விட்டது.

கவனியுங்கள். ஹெரால்டு பிறந்தது, கார்புரேட்டர் வளர்ந்தது, அதை ஒழித்த சான்ட்ரோ கிளம்பியது எல்லாமே பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்குள்தான். ஒரே ஊரில் தொட்டில், கல்யாணம், காரியம்!

கார்புரேட்டர் போனதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காற்று சுத்தமாகிறது, மைலேஜ் கூடுகிறது. வருத்தம் வேறு. அதோடு சேர்த்து ஒரு காதையும் வழியனுப்பிவிட்டோம்.

*

வாருங்கள், படூருக்கு. பெரியவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"ஏர் எடுக்குது" என்றாரே, அது என்ன? கார்புரேட்டர் வாய் வழியாக வருகிற காற்று டிக்கெட் எடுத்து வருகிற காற்று. அதற்கு இத்தனை பெட்ரோல் என்று கணக்கு உண்டு. ஆனால் கார்புரேட்டருக்குக் கீழே, இன்ஜினுக்கு மேலே எங்காவது ஒரு சந்து இருந்தால், அது வழியாகத் திருட்டு ரயில் ஏறுகிற காற்றும் உள்ளே போகும். கணக்கில் வராத கள்ளக் காற்று. கலவை நீர்த்துப் போகும்.

அப்படியானால் வேகமாகப் போகும்போது ஏன் தெரியவில்லை? இப்படி யோசித்துப் பாருங்கள். ஆயிரம் பேர் சாப்பிடுகிற கல்யாணப் பந்தியில் அழைக்காத பத்துப் பேர் புகுந்தால் யாருக்குத் தெரியும்? நாலு பேருக்குச் சமைத்த வீட்டில் பத்துப் பேர் நுழைந்தால்? ஐடிலிங்கில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். இன்ஜின் மூச்சுக்காகத் தவிக்கும். உள்ளே வெற்றிடம் உச்சத்தில் இருக்கும். எந்தச் சந்து கிடைத்தாலும் காற்றை உறிஞ்சும். அதனால்தான் மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் சாகிறது. இந்த ஒரு அறிகுறி போதும், பாதி நோய் தெரிந்துவிடும்.

அளந்து பார்க்கவும் வழியுண்டு. வேக்கம் கேஜ். படூர் மாதிரி கடல் மட்டத்து ஊரில் ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலிங்கில் 17-லிருந்து 21 அங்குலம் பாதரசம் காட்டும். முள் அசையாமல் அதைவிடத் தாழ்ந்தே நின்றால் கள்ளக் காற்றைச் சந்தேகிக்கலாம். தப்பான டைமிங்கும் முள்ளை இறக்கும் என்பதால், அதையும் பார்த்துவிட வேண்டும். ஊட்டிக்குப் போனால் இந்தக் கணக்கு செல்லாது. மேலே ஏற ஏற ஆயிரம் அடிக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையும். அங்கே காற்றே மெலிசு. கீழே சரியாக டியூன் செய்த கார் கோத்தகிரி ஏறும்போது கறுப்புப் புகை தள்ளுவதும் அதனால்தான்.

பெரியவரிடம் கேஜ் கிடையாது. டியூப் காட்டிய இடத்தில் சொட்டுச் சொட்டாகச் சோப்புத் தண்ணீர் விட்டார். கார்புரேட்டரின் அடிப்பாகம் உட்காரும் இணைப்பில் தண்ணீர் பட்டதும் "சுர்ர்" என்று உள்ளே போனது. அந்த ஒரு நிமிஷம் சந்து அடைபட, இன்ஜின் இருமலை நிறுத்திவிட்டுச் சீராக ஓடியது. தண்ணீர் தீர்ந்ததும் மறுபடி இருமல். திருடன் பிடிபட்டான்!

"சில பேரு பெட்ரோலத் தெளிச்சுப் பாப்பானுங்க. சூடான மேனிஃபோல்டு மேல பெட்ரோலு. வண்டியோட சேந்து அவனும் எரிஞ்சிடுவான்" என்றார். இதை வாசகர்கள் கொட்டை எழுத்தில் குறித்துக்கொள்ளவும். மூடிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிட்டு டியூன் செய்வதும் அதே ரகம். கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது.

கார்புரேட்டரைக் கழற்றினார். அடி விளிம்பை ஓர் இரும்பு ஸ்கேலில் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். நடுவில் மெல்லிய கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. விளிம்பு வளைந்திருக்கிறது.

"லீக் ஆவுதுன்னு யாரோ நட்ட முறுக்கியிருக்கான். முறுக்க முறுக்க வளையும். வளைய வளைய லீக் ஆவும். மறுபடி முறுக்குவான்" என்றார். எனக்கு என்னவோ அவர் காரைப் பற்றி மட்டும் பேசுகிற மாதிரி தெரியவில்லை.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, விளிம்பை எட்டு வடிவத்தில் மெல்ல மெல்லத் தேய்த்தார். கால் மணி நேரம். பிறகு பேக்கிங் ஷீட்டை விளிம்பின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலின் உருண்டைத் தலையால் ஓரத்தில் தட்டிக்கொண்டே வந்தார். தட்டத் தட்ட, விளிம்பின் கூர்மையே கத்தரியாகி கேஸ்கட் அளவெடுத்த மாதிரி வெட்டுப்பட்டு வந்தது. பூட்டினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி முடுக்கினார். போதும் என்று கை சொன்ன இடத்தில் நிறுத்தினார்.

இதற்கு அப்புறமும் கார்புரேட்டரைத் தொடவில்லை! டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போகும் வேக்கம் டியூபைப் பிடுங்கி வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்துப் பார்த்தார். பிடித்து நிற்கிறது, டயஃப்ரம் நல்லாயிருக்கிறது. வால்வு இடைவெளி பார்த்தார், 10 தௌ. பாயிண்ட் இடைவெளி, 15 தௌ. ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. காற்று அதிகம் என்பதற்கு எழுத்து மூலமான சாட்சி. கரிப்பிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம். நல்ல இன்ஜினின் பிளக் காபி நிறத்தில் இருக்கவேண்டும். துடைத்துப் போட்டார்.

கடைசியில்தான் திருப்புளியை எடுத்தார். ஐடிலிங்கைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு, கலவைத் திருகாணியை உள்ளே திருகினார். இன்ஜின் தடுமாறியது. அங்கிருந்து மெதுவாக வெளியே. தடுமாற்றம் நின்று மிருதுவானது. அங்கேயே விட்டார். ஐடிலிங்கைக் குறைத்தார். இரண்டே நிமிஷம்.

"எல்லாரும் மொதல்ல இதத்தான் சார் திருகுவாங்க. இது கடைசில திருவ வேண்டியது."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் அவருடைய மொத்த வித்தையும் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. கார்புரேட்டர் காலத்தின் வரலாற்றைப் புரட்டினால் பாதிக்கு மேல் வீண்பழியின் வரலாறுதான். பாயிண்ட் தேய்ந்தால் கார்புரேட்டரைத் திருகினார்கள். கேஸ்கட் போனால் கார்புரேட்டரைத் திருகினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் "மைலேஜ் வர்ற மாதிரி செட் பண்ணுப்பா" என்று கலவையை இறுக்கி, இன்ஜினைச் சூடேற்றி, வால்வைக் கருக்கினார்கள். பழி கார்புரேட்டருக்கு! வெளியே துருத்திக்கொண்டிருப்பதும், கைக்கு எட்டுவதும், திருகுவதற்கு ஆணி இருப்பதும் அது ஒன்றுதானே?

*

சரி, அரும்பொருள் கதைதானே, இப்போது எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது.

2021-ல் மத்திய அரசு ஐம்பது வருஷம் தாண்டிய, உருமாறாத வண்டிகளைப் பாரம்பரிய வாகனமாகப் பதிவு செய்ய விதி கொண்டுவந்தது. வி.ஏ. என்ற தனி எழுத்துகள். கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம். நல்ல விஷயம். பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டிய எத்தனையோ ஹெரால்டுகளுக்கு ஆயுசு கிடைத்திருக்கிறது.

ஆனால் 2023-ல் இன்னொன்றும் வந்தது. இ-20. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-ல் இருபது சதவீத இலக்கை எட்டிவிட்டதாக அரசு சொன்னது. இறக்குமதி குறையும், கரும்பு விவசாயிக்குக் காசு கிடைக்கும் என்பது திட்டம். புதுக் கார்களை இதற்கென்றே செய்கிறார்கள். கம்ப்யூட்டர் இன்ஜின் ஓரளவு தானே சரிசெய்துகொள்ளும். ஹெரால்டு? எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய கணக்கில் செட் செய்த கார்புரேட்டரின் கலவை தானாகவே நீர்த்துவிடும். அதைவிட ஆபத்து, அறுபதுகளின் ரப்பருக்கு எத்தனால் ஆகாது. குழாய் ஊதும், வெடிக்கும். டயஃப்ரம் விறைக்கும். பெட்ரோல் கசியும். புதுப்புதுச் சந்துகள் பிறக்கும்.

அதாவது, கள்ளக் காற்று பெருகப்போகிற காலத்தில்தான் அதைக் கேட்கிற காதுகள் குறைந்துகொண்டிருக்கின்றன.

பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். புதுப்பேட்டையில் பத்து வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்தாராம். ஆறு மாதம் வரை வண்டியைத் தொடவே விடவில்லையாம். "சும்மா நின்னு கேளுடா"ன்னு சொல்வாராம் அவருடைய வாத்தியார்.

"இந்தத் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கலையா அண்ணே?" என்றேன்.

"கத்துக்கிட்டு என்ன சார் பண்ணுவான்? வருஷத்துக்கு நாலு வண்டி வரும். அவன் லேப்டாப் மாட்டிப் பாக்குற வேலைக்குப் படிக்கிறான். அதான் சோறு போடும்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நியாயமும் அதுதான். இருந்தாலும், அந்த இளைஞர் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ரப்பர் டியூபை எடுத்துக் காதில் வைத்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பக்கம் குனிந்திருந்ததை நான் பார்த்தேன்.

கூலி கேட்டபோது பெரியவர் சொன்ன தொகையை இங்கே எழுதினால் நம்பமாட்டீர்கள். நண்பர் மேலே வைத்துக் கொடுத்தார். வாங்கிக்கொள்ளவில்லை. "ரப்பர் டியூபெல்லாம் புதுசா மாத்துங்க சார், எத்தனால் தாங்குற ஐட்டம் கேட்டு வாங்குங்க" என்று மட்டும் சொன்னார்.

கேளம்பாக்கம் சந்திப்பில் சிவப்பு விளக்கு. நண்பர் காலை எடுத்தார். நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

இன்ஜின் நிற்கவில்லை.